கண்ணால் பார்த்தவர் சொன்னாலும் ஏன் சரிபார்க்க வேண்டும்? குண்டுவீச்சு விமானப் படையினரின் நினைவுகளும் திரைப்படங்களும்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீது இரவில் குண்டு வீசப் போன பிரிட்டிஷ் விமானப் படையினர் பலர், ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்தும் ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னார்கள். ஜெர்மானியர்களிடம் ஒரு தந்திரக் குண்டு இருந்தது. தரையிலிருந்து சுட்டால் வானில் வெடிக்கும். பார்ப்பதற்கு ஒரு பெரிய விமானமே தீப்பிடித்துச் சிதறுவது போல இருக்கும். எரியும் பெட்ரோலும் கரும்புகையும் சிவப்பு, பச்சைத் தீப்பொறிகளும் கொட்டும். ஆனால் அங்கே விமானம் எதுவும் கிடையாது, எல்லாம் எங்களைப் பயமுறுத்தச் செய்த வேலை என்றார்கள். சோளக்கொல்லை பொம்மை என்ற பொருளில் அதற்கு ‘ஸ்கேர்குரோ’ என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

போருக்குப் பிறகு தேடிப் பார்த்ததில், ஜெர்மானியர்களிடம் அப்படி ஒரு குண்டு இருந்ததற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. வானில் சிதறியவை உண்மையான விமானங்கள்தான். லான்காஸ்டர் என்ற பெரிய பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் என்றால் ஒவ்வொன்றிலும் ஏழு பேர் இருந்தார்கள். வழிகாட்டி விமானங்கள் இலக்கை அடையாளம் காட்ட வண்ண ஒளிக்குண்டுகளை எடுத்துச் சென்றதால், அவை வெடித்தபோது சிவப்பும் பச்சையும் தெரிந்தன.

இதை ஒரு வேடிக்கைக் கதையாக எடுத்துக்கொண்டு, ‘வயசானவங்க ஏதோ உளறுறாங்க’ என்று தள்ளிவிடக் கூடாது. அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை, மறந்தும் போகவில்லை. வானில் ஒரு பெரிய வெடிப்பைப் பார்த்தார்கள், அதன் நிறம், அளவு, புகை எல்லாம் சரியாகவே நினைவில் இருந்தது. தாங்கள் பார்த்தது என்ன என்பதில்தான் தவறு நேர்ந்தது. அந்தத் தவறும் எண்பது வயதில் வந்ததல்ல, அந்த இரவிலேயே, இருபது வயதிலேயே வந்துவிட்டது.

போர்க்கால நினைவுகளைப் படிக்கும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு நினைவில் மூன்று அடுக்குகள் உண்டு. கண்ணிலும் காதிலும் பட்டது முதல் அடுக்கு. அதற்கு அந்த நேரத்தில் மனம் கொடுத்த பொருள் இரண்டாவது. பிற்பாடு சொல்லிச் சொல்லி அது எடுத்துக்கொண்ட வடிவம் மூன்றாவது. நாம் பொதுவாக மூன்றாவதை மட்டும்தான் சந்தேகப்படுகிறோம். குண்டுவீச்சு விமானங்களைப் பொறுத்தவரை, பெரிய பிழைகள் பலவும் இரண்டாவதில் இருக்கின்றன.

ஸ்கேர்குரோ விஷயத்தில் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? பக்கத்து விமானத்தை யாராவது சுட்டிருந்தால் குண்டுகளின் ஒளிக்கோடு தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 1943-இன் நடுவிலிருந்து ஜெர்மன் இரவுப் போர் விமானங்களில் ஒரு புதிய அமைப்பு வந்தது. ‘ஷ்ரேகே முசிக்’ என்று அதற்குப் பெயர். விமானத்தின் முதுகில், மேல்நோக்கிச் சாய்வாகப் பொருத்திய இரட்டைப் பீரங்கிகள். அந்த விமானம் இருட்டில் சத்தமில்லாமல் குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்குக் கீழே வந்து சேரும், இறக்கையில் இருக்கும் பெட்ரோல் தொட்டியைப் பார்த்துச் சுடும். ஒளிக்கோடு கண்ணில் படாத வகைக் குண்டுகளைத்தான் பயன்படுத்தினார்கள். லான்காஸ்டரில் இருந்தவர்களுக்கு நேர் கீழே பார்க்க வழி ஏறக்குறைய இல்லை. ஆக, தாக்கியவர் யாரென்று தெரியாமல் திடீரென்று ஒரு நெருப்புப் பந்து. அடுத்த சில மணி நேரமும் அதே மாதிரி ஒரு விமானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதனுக்கு, ‘அது வெறும் தந்திரக் குண்டு’ என்ற விளக்கம் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தளத்திலும் அந்த நம்பிக்கையை யாரும் உடைக்கவில்லை.

சரி, அந்த நேரத்தில் கொடுத்த பொருள் எவ்வளவு தவறாக இருக்கலாம் என்பதை அளந்து பார்க்க முடியுமா? ஒரு முறை அளந்தே பார்த்தார்கள். 1941 ஆகஸ்ட்டில் டேவிட் பென்சுசன்-பட் என்ற பிரிட்டிஷ் அரசு அதிகாரி, குண்டு போடும்போது விமானத்திலிருந்தே எடுத்த 600-க்கும் அதிகமான புகைப்படங்களை ஆராய்ந்தார். தளத்துக்குத் திரும்பிய கையோடு ‘இலக்கைத் தாக்கினோம்’ என்று சொன்ன குழுவினரின் படங்கள் அவை. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் போயிருந்தார்கள். புகையும் பனியும் மூடிய, ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் அது பத்தில் ஒன்றாகக் குறைந்தது. இங்கே நினைவு சில மணி நேரப் பழசுதான். சொன்னவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். ஆனாலும் கேமரா வேறு கதை சொன்னது.

பகலில் போன அமெரிக்கர்களுக்கு வெளிச்சம் இருந்தது, ஆனால் வேறு விதமான சிக்கல். 1943 ஆகஸ்ட் 17 அன்று ரெகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபர்ட் நகரங்களைத் தாக்கப் போன பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. திரும்பியவற்றின் துப்பாக்கி வீரர்கள், தாங்கள் வீழ்த்தியதாகச் சொன்ன ஜெர்மன் போர் விமானங்களின் கணக்கு 288. ஜெர்மன் ஆவணங்கள் காட்டும் இழப்பு அதைவிடப் பல மடங்கு குறைவு. யாரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. நெருக்கமாக அணிவகுத்த விமானங்களுக்கு நடுவே ஒரு எதிரி விமானம் பாய்கிறது. நான்கைந்து விமானங்களிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். அது புகைவிட்டுக்கொண்டு கீழே போகிறது. ஒவ்வொருவரும் தன் துப்பாக்கியை மட்டும் பார்த்தவர், ஒவ்வொருவருக்கும் அது தான் சுட்டுத்தான் விழுந்தது. போதாததற்கு, குப்புறப் பாய்ந்து தப்பிக்கும் விமானமும் அடிபட்டு விழும் விமானமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இவர்கள் எந்தச் சூழ்நிலையில் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். பி-17 பறந்த உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும். உள்ளே காற்றழுத்தம் கிடையாது. பக்கவாட்டுத் துப்பாக்கி வீரர்கள் நின்றது திறந்த ஜன்னலில். கையுறையைக் கழற்றிக்கொண்டு உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். பத்தாயிரம் அடிக்கு மேல் ஆக்சிஜன் முகமூடி கட்டாயம். அதன் குழாயில் மூச்சின் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டாலோ, இணைப்பு கழன்றாலோ, மூளை மெல்ல மந்தமாகும். கொடுமை என்னவென்றால், ஆக்சிஜன் குறைபவனுக்குத் தனக்கு எந்தக் குறையும் இருப்பதாகத் தெரியாது, தெம்பாகக்கூடத் தோன்றும். அப்படி ஒரு அரைமணி நேரம் மனதில் என்னவாகப் பதிந்திருக்கும்?

யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதும் முக்கியம். லான்காஸ்டரில் வழி கணிக்கும் நேவிகேட்டர் திரைச்சீலைக்குப் பின்னால், ஒரு சிறு விளக்கின் கீழே வரைபடத்தோடு இருப்பார். ஒரு பெரிய நகரம் எரிவதைப் பார்க்காமலேயே முப்பது முறை போய்வந்த நேவிகேட்டர்கள் இருந்தார்கள். வால் பக்கத் துப்பாக்கி வீரர், கடந்து வந்த வானத்தை மட்டும் பார்த்தவர். குண்டு போடுபவர் விமானத்தின் மூக்கில் குப்புறப் படுத்து, முன்னால் தெரியும் தரையை மட்டும் பார்த்தார். இவர்கள் ஏழு பேரும் ஒரே இரவைச் சொன்னாலும் ஏழு துண்டுகள்தான் கிடைக்கும். ஆனால் ஐம்பது வருடம் கழித்துப் பேசும்போது ‘நாங்கள் பார்த்தோம்’ என்று ஒரே வாயாகச் சொல்வார்கள், ஏனென்றால் இன்டர்காமில் மற்றவர் சொன்னதும் அவர்கள் காதில் விழுந்ததே. கேட்டது பார்த்ததாக மாறுவதற்கு நீண்ட காலம் தேவையில்லை.

மூன்றாவது அடுக்கைப் பற்றிய ஆராய்ச்சி நிறைய. நினைவு என்பது பீரோவில் பூட்டி வைத்த புகைப்படம் அல்ல, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதினார். அதிர்ச்சியான நிகழ்ச்சிகள் மட்டும் கல்வெட்டு மாதிரி நிற்கும் என்ற நம்பிக்கையும் பொய்யானது. உல்ரிக் நைசர் என்ற உளவியலாளருக்கு, சிறுவனாக இருந்தபோது பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தியைக் கேட்ட தருணம் தெளிவாக நினைவிருந்தது: ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தபோது நடுவே அறிவித்தார்கள். பல வருடம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது, தாக்குதல் நடந்தது டிசம்பர் 7. டிசம்பரில் பேஸ்பால் ஆட்டமே கிடையாது.

போர் வீரர்களை வைத்தே செய்த ஆய்வும் உண்டு. 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய 59 அமெரிக்க வீரர்களிடம், திரும்பிய ஒரு மாதத்திலும் இரண்டு வருடம் கழித்தும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். நண்பன் சாவதைப் பார்த்தாயா, உன் உயிருக்கே ஆபத்து வந்ததா என்ற வகைக் கேள்விகள். 88 சதவீதம் பேர் குறைந்தது ஒரு பதிலையாவது மாற்றினார்கள். மன உளைச்சல் அதிகமாக இருந்தவர்கள், முதலில் ‘இல்லை’ என்றதைப் பிறகு ‘ஆம்’ என்று மாற்றியது அதிகம். இரண்டு வருடத்திலேயே இப்படி என்றால் அறுபது வருடத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

குண்டுவீச்சுப் படையினருக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. ஒரு பிரிட்டிஷ் குழுவுக்கு ஒரு சுற்று என்றால் முப்பது பயணம். அமெரிக்கர்களுக்கு முதலில் இருபத்தைந்து, பிறகு முப்பது, முப்பத்தைந்து. எல்லாப் பயணமும் ஒரே மாதிரித்தான் தொடங்கும், ஒரே மாதிரித்தான் முடியும். காலம் போகப் போக முப்பது இரவுகளும் ஒன்றோடொன்று கலந்து, நாலைந்து ‘பெரிய’ இரவுகளாகத் திரண்டுவிடும். எஸ்ஸென் மேல் நடந்தது பெர்லின் கதையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இங்கேதான் திரைப்படம் நுழைகிறது. ஒரு காட்சி எங்கே பார்த்தது என்ற ‘முகவரி’, காட்சியைவிட வேகமாக அழிந்துவிடும். அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் பல கூட்டங்களில் உருக்கமாக ஒரு கதை சொல்வார். பி-17 விமானம் ஒன்று அடிபட்டு விழப் போகிறது. எல்லோரும் பாராசூட்டில் குதிக்கிறார்கள். வயிற்றுப் பகுதிக் கூண்டில் மாட்டிக்கொண்ட இளம் துப்பாக்கி வீரன் மட்டும் வெளியே வர முடியாமல் அழுகிறான். விமானி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே மகனே, சேர்ந்தே போவோம் என்கிறார். அந்த விமானிக்கு நாட்டின் உயரிய வீரப்பதக்கம் கொடுத்தார்கள் என்றும் சொல்வார். ஒரு பத்திரிகையாளர் அந்தப் போரில் வழங்கிய 400-க்கும் அதிகமான பதக்கங்களின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்படி ஒரு நிகழ்ச்சியே இல்லை. 1944-இல் வந்த ஒரு போர்ப் படத்தில்தான் கிட்டத்தட்ட இதே காட்சி இருந்தது. ரீகன் திட்டமிட்டுப் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மனித மனம் வேலை செய்யும் விதமே அப்படி.

படங்களின் பிழைகள் நினைவின் பிழைகளைப் போன்றவை அல்ல. கேமராவுக்கு முகம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், பேச்சு வேண்டும். உண்மையான விமானத்தில் இந்த மூன்றும் கிடையாது. இருபத்தைந்தாயிரம் அடியில் எல்லோர் முகத்தையும் முகமூடியும் கண்ணாடியும் தலைக்கவசமும் மறைத்திருக்கும். படத்திலோ நடிகரின் உணர்ச்சி தெரிய வேண்டும் என்பதற்காக முகமூடியை ஓரமாகத் தொங்கவிட்டுவிடுவார்கள். நான்கு இன்ஜின்களின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தினாலும் கேட்காது. இன்டர்காமில் தேவையில்லாமல் பேசினால் தலைமை விமானி அதட்டுவார்.

இரவுப் பயணத்தைப் படம் எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அந்த இரவுகளின் உண்மை, ஒன்றும் தெரியாமல் இருந்ததுதான். எழுநூறு எண்ணூறு விமானங்கள் விளக்கில்லாமல் ஒரே பாதையில் போகும், பெரும்பாலான நேரம் ஒன்று இன்னொன்றைப் பார்க்காது. திடீரென்று விமானம் குலுங்கும். முன்னால் போகும் விமானத்தின் காற்றுச் சுழல் அது. அந்தக் குலுக்கல்தான் ‘நாம் தனியாக இல்லை’ என்பதற்கான அத்தாட்சி, பலருக்கு அது பெரிய நிம்மதி என்று முன்னாள் வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் காட்டினால் வெறும் கறுப்புத் திரைதான் தெரியும். அதனால் நிலா வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பறக்கும் லான்காஸ்டர்களைக் காட்டுகிறார்கள்.

ஜெர்மன் அணைகளை 1943 மே மாதம் தாக்கிய கதையைச் சொன்ன 1955-ஆம் ஆண்டின் ‘தி டாம் பஸ்டர்ஸ்’ படத்தில் இன்னொரு விதமான பிழை. தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போன அந்த வெடிகுண்டின் வடிவமைப்பு அப்போதும் ராணுவ ரகசியம். நிஜத்தில் அது உருளை வடிவம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 முறை பின்னோக்கிச் சுழலவிட்டுத்தான் போட்டார்கள். படத்தில் வடிவமும் வேறு, சுழற்சியும் இல்லை. தாழப் பறக்க இரண்டு விளக்கொளிகளைத் தண்ணீரில் ஒன்றுசேரச் செய்யும் யோசனை, நாடக அரங்கில் மேடை விளக்குகளைப் பார்த்தபோது, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய விமானி கை கிப்சனுக்கு (Guy Gibson) வந்ததாகவும் படம் காட்டும். அது உண்மையில் அரசு விஞ்ஞானி பென் லாக்ஸ்பைசர் கொடுத்த யோசனை. பிரிட்டனில் பலருக்கு இன்று வரை மேடை விளக்குக் கதைதான் தெரியும்.

‘ஆவணப்படம்தானே, அதையாவது நம்பலாமா’ என்று கேட்கலாம். மெம்ஃபிஸ் பெல் என்ற பி-17 விமானத்தையும் அதன் குழுவினரையும் பற்றி வில்லியம் வைலர் எடுத்த ‘மெம்ஃபிஸ் பெல்’ ஆவணப்படம் 1944-இல் வந்தது. நிஜமான பயணங்களில், நிஜமான ஆபத்தில் எடுத்த காட்சிகள். படப்பிடிப்புக் குழுவில் ஒருவர் விமானத்தோடு விழுந்து இறந்தார். ஆனால் அந்தக் கேமராக்கள் ஒலியைப் பதிவு செய்யாதவை. நாம் கேட்கும் இன்டர்காம் பேச்சு பிற்பாடு ஸ்டூடியோவில் அந்த விமானக் குழுவினரையே பேச வைத்துச் சேர்த்தது. பல நாட்களில், பல விமானங்களில் எடுத்ததை ஒரே பயணம் போல வெட்டி ஒட்டினார்கள். கடைசிப் பயணம் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனுக்கு என்று படம் சொல்லும். அந்த விமானக் குழுவின் 25-ஆவது பயணம் உண்மையில் பிரான்சில் உள்ள லோரியனுக்கு.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. நமக்குக் கிடைக்கும் நினைவுகள் எல்லாமே உயிரோடு திரும்பியவர்களுடையவை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் சுமார் 1,25,000 பேர் பறந்தார்கள், 55,573 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களிடம் எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டால், முதல் நாலைந்து பயணம்தான் கண்டம், அப்புறம் அனுபவம் கைகொடுத்தது என்பார்கள். பிற்காலத்தில் இயற்பியலாளராகப் புகழ்பெற்ற ஃப்ரீமன் டைசன், அப்போது அந்தப் படையின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர். அவர் 1944-இல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அனுபவம் கூடியதால் சாகும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. கீழேயிருந்து கண்ணுக்குத் தெரியாமல் சுடுபவனிடம் அனுபவம் என்ன செய்யும்? இருபத்தெட்டாவது பயணத்தில் இறந்த அனுபவசாலி பேட்டி கொடுக்க வரவில்லை. அதனால்தான் அந்த நம்பிக்கை நிலைத்தது.

இவ்வளவும் படித்துவிட்டு முன்னாள் வீரர்களின் பேச்சை ஒதுக்குவது பெரிய நஷ்டம். ஆவணங்களில் ஒருபோதும் இல்லாதவை அவர்களிடம்தான் இருக்கின்றன. திரும்பி வராதவர்களின் உடைமைகளை அள்ளிக்கொண்டு போக ஒரு குழு இருந்தது. அடுத்த குழுவினர் வந்து சேருமுன் அந்தக் கட்டில்கள் சுத்தமாக இருக்கும். தூக்கம் வராமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். விமானத்துக்குள் வாந்தியும் ரசாயனக் கழிப்பறையும் சேர்ந்து நாறும். இனி என்னால் பறக்க முடியாது என்று சொன்ன இளைஞனை, ‘மன உறுதி இல்லாதவன்’ என்ற முத்திரை குத்தி, ஒரே நாளில் தளத்தை விட்டே அனுப்பினார்கள்; அவன் பேரை யாரும் பேசக் கூடாது. குளிர், வாடை, பயம், தினசரி வழக்கங்கள், யார் யாருக்கு நண்பன் என்பதிலெல்லாம் இவர்கள் சொல்வதை நான் பெரிதும் நம்புவேன். நாள், இடம், எண்ணிக்கை, வெளியே நடந்ததற்குக் காரணம் என்று வந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

ஒப்பிட எது உதவும்? முதலில், ஒவ்வொருவரும் தன் பயணங்களைக் குறித்துவைத்த லாக் புத்தகம். பிரிட்டிஷ் விமானப் படையின் ஒரு பக்கத்தைப் பார்த்தால், தேதி, புறப்பட்ட நேரம், விமான வகையும் எண்ணும், விமானியின் பெயர், தன் வேலை, கடைசியில் குறிப்பு என்று கட்டங்கள் இருக்கும். இரவுத் தாக்குதல்களைச் சிவப்பு மையில் எழுதுவார்கள், பகல் தாக்குதல்களைப் பச்சையில். ஒரு மனிதர் அரைமணி நேரம் கண்கலங்கிச் சொல்லும் இரவுக்கு அந்தக் கட்டத்தில் இருப்பது ஊர்ப் பெயரும் இரண்டு மூன்று சொற்களும்தான். அந்த வரி இரவின் தேதியைத் திருத்தும், ஆனால் இரவைச் சொல்லாது. அடுத்தது படைப்பிரிவின் செயல்பாட்டுப் பதிவேடு. அதிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் விடியற்காலையில் களைத்துப் போய் டீ குடித்துக்கொண்டே இவர்கள் சொன்னதைத்தான் எழுத்தர் தட்டச்சு செய்தார். ஆக, அதுவும் ஒரு நினைவுதான், கொஞ்சம் இளமையான நினைவு. தாக்கப்பட்ட பக்கத்தின் ஆவணமும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

தொடங்க ஓர் இடம் வேண்டுமானால், சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கியிருந்த 35-ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிட்டிஷ் விமானப் படைப்பிரிவிலிருந்து தொடங்கலாம். ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களை முதலில் பெற்றதும், 1942-இல் உருவான வழிகாட்டிப் படையில் ஆரம்பத்திலேயே சேர்ந்ததும் அந்தப் பிரிவு. அதன் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லிங்கன் நகரில் உள்ள குண்டுவீச்சுப் படை மையத்தின் இணையக் காப்பகத்தில் முன்னாள் படையினரின் குரல் பதிவுகள் நிறைய இருக்கின்றன, இலவசமாகவே கேட்கலாம். ஒரு பதிவைக் கேட்கும்போது அவர் விமானத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு சம்பவத்துக்கும், அந்த இடத்திலிருந்து இது தெரிந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.